குற்றமற்றவன் என்னும் பொய்
வைல்டின் இரு படங்களும் நமது ஒரு படமும்

1960 ஆம் ஆண்டு மே மாதத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ ஒரு வார கால இடைவெளியில், ஒரே மனிதனின் வீழ்ச்சியைக் கூறும் இரு திரைப்படங்கள் இங்கிலாந்தில் வெளியாயின. ஒன்று கிரெகரி றற்றோவ் நெறிப்படுத்திய 'ஒஸ்கார் வைல்ட்'. மற்றது கென் ஹியூஸின் 'ஒஸ்கார் வைல்டின் வழக்குகள்'. முன்னையது கறுப்பு வெள்ளையில் அவசரமாக முடிக்கப்பட்டது. பின்னையது வர்ணத்தில், அகன்ற திரைக்கென, பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டது. யார் முதலில் திரையரங்கை அடைவது என்பதே தயாரிப்பாளரின் கவலையாயிருந்தது. தான் வாழ்ந்த காலத்தில் சமூகம் சிறையிலடைத்துச் சிதைத்த ஒருவனை, அவன் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அதே சமூகத்தின் முதலாளிகள் இருவர் போட்டியிட்டு விற்றனர் எனலாம்.

அன்றுதொட்டு இன்றுவரை இவ்விரு படங்களையும் ஒப்பிடுவோர் எழுப்பும் வினா ஒன்றே: றொபேட் மோர்லியா, பீற்றர் பின்ச்சா? வைல்டாக நடித்தவருள் எவர் சிறந்தவர்? இவ்வினா பயனற்றதென்பது எனது கட்சி. இரு நடிகரும் வேறுபட்ட இரு மனிதரைக் காட்டினர் என்பது உண்மை. ஆயின் இரு படங்களும் கூறிய பொய் ஒன்றே. அப்பொய்யை நமது நாட்டுத் திரைப்படமும் நமது தமிழ்ப் பத்திரிகைகளும் இன்றும் வேறு வடிவில் கூறிக்கொண்டிருப்பதாலேயே இக்கட்டுரையை எழுதவேண்டியதாயிற்று.

வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நன்று. 1895 பெப்ரவரி 14 ஆம் நாள் வைல்டின் புகழ்பெற்ற இன்பியல் நாடகம் லண்டனில் அரங்கேறியது. நான்கு நாட்களின் பின், பெப்ரவரி 18 இல், அவரது இளம் நண்பர் அல்பிரட் டக்ளஸின் தந்தையாகிய குயின்ஸ்பெரி பிரபு, வைல்டை இழித்துரைக்கும் அட்டையொன்றை, எழுத்துப் பிழையோடு, அவரது கழகத்தில் விட்டுச் சென்றார். வைல்ட் அவதூறு வழக்குத் தொடுத்தார். ஏப்ரல் 3 இல் தொடங்கிய அவ்வழக்கு மூன்றாம் நாளே தோற்றது. அன்று மாலையே வழக்காளி குற்றவாளியாகக் கைதானார். முதலாவது விசாரணையில் யூரிமார் ஒருமனப்படவில்லை. இரண்டாவதில், மே 25 ஆம் நாள், இரண்டாண்டுக் கடூழியச் சிறை. 1885 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பதினோராம் பிரிவு அனுமதித்த உச்சத் தண்டனை அதுவே. 1897 மே மாதத்தில் வெளிவந்தவர், 1900 நவம்பர் 30 இல் பாரிஸில் வறியவராக மாண்டார். வயது நாற்பத்தாறு.

இனிப் படங்களுக்கு வருவோம். மோர்லி இப்பாத்திரத்தை 1936 இலேயே லண்டன் மேடையில் நடித்தவர். லெஸ்லி, ஸுவெல் ஸ்ரோக்ஸ் சகோதரர் எழுதிய அந்நாடகமே றற்றோவின் படத்துக்கு மூலம். திரையில் தோன்றியபோது மோர்லிக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. வழக்கின்போது வைல்டுக்கு நாற்பதே. பருத்த உடலும் தடித்த உதடுகளும் கொண்ட இவ்வைல்ட் விருந்துமண்டபத்து விகடகவியாகவே பெரும்பாலும் காட்சிதருகிறார். சிலேடைகள் அடுக்கடுக்காய் வருகின்றன. சற்றே சலிப்பும் வருகிறது. ஆனால் எட்வேட் கார்சனாக றால்ப் றிச்சட்சன் எழுந்து குறுக்கு விசாரணை தொடங்கியதும் படம் வேறொன்றாகி விடுகிறது. கார்சன் வேலைக்காரச் சிறுவனொருவனைக் குறித்து, அவனை முத்தமிட்டதுண்டா என வினவ, அவன் அழகற்றவன் என விளையாட்டாக விடையிறுத்துத் தன் கழுத்தில் தானே சுருக்கிட்டுக்கொண்ட அந்நிகழ்ச்சி நீதிமன்றப் பதிவுகளில் உள்ளது. அவையை நகைப்பித்தே பழகிய நாவொன்று, நகைக்காத மனிதனொருவன் முன் முதன்முறையாகத் தடுமாறுவதை மோர்லி காட்டும்போது, அதுவரை நாம் சலிப்புற்ற சிலேடைகள் யாவும் ஏன் அங்கே இருந்தன என்பது விளங்குகிறது.

பின்ச்சின் வைல்ட் இதற்கு மாறானவர். கம்பீரமும் களைப்பும் கலந்தவர். மனைவி கொன்ஸ்ரன்ஸ் மீது பரிவுடையவர். தன்னை நாடி வரும் அழிவை முன்னரே உணர்ந்தவர். இதற்காகப் பின்ச்சுக்குப் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் விருது கிடைத்தது. அது தகுதியானதே. ஜேம்ஸ் மேசனின் கார்சன், லயனல் ஜெஃப்ரீஸின் வெறிபிடித்த குயின்ஸ்பெரி, ஆடையணிகள், அரங்க நிர்மாணம் யாவும் குறைசொல்ல முடியாதவை. விமரிசகர் பலரும் இப்படத்தையே மேலெனக் கொண்டனர்.

நான் அவ்வாறு கொள்ளவில்லை. காரணம் கூறுவேன்.

பின்ச்சின் வைல்ட் எவ்வளவு கண்ணியமானவரென்றால், அவர்மீது சாட்டப்பட்டது பொய்யாகவே இருக்கவேண்டுமென்று பார்வையாளன் நம்பத் தலைப்படுகிறான். அரசும் பிரபுவும் சேர்ந்து ஓர் உத்தமனை, நல்ல தந்தையை, பெருங் கலைஞனைப் பழிசுமத்தி அழித்த கதையாகவே படம் நகர்கிறது. குறிப்புகள் உண்டு, பார்வைகள் உண்டு, பாதியில் நின்றுபோகும் வாக்கியங்களும் உண்டு. ஆனால் அவர் இளைஞரை நேசித்தார், அவரோடு கூடினார், அதனை இழிவெனக் கருதவில்லை என்ற செய்தியைப் படம் எங்கும் நேர்நின்று உரைப்பதில்லை. மோர்லியின் படமும் உரைப்பதில்லை. 1897 இன் இலையுதிர் காலத்தில், சிறை மீண்டபின், வைல்டும் டக்ளஸும் நேப்பிள்ஸ் நகரில் மீண்டும் சேர்ந்து வாழ்ந்தனர். மனைவியின் உதவிப்பணம் நின்றுபோகும் என அறிந்தும் அவ்வாறு வாழ்ந்தனர். அம்மாதங்களுக்கு இரு படங்களிலும் இடமில்லை. ஏன்? தண்டனை ஒருவனைத் திருத்திவிட்டது, அல்லது அவன் திருத்தப்படவேண்டிய தேவையே அற்ற நிரபராதி என்ற இரண்டிலொன்றையே அன்றைய திரை சொல்ல முடியும். தண்டனைக்குப் பின்னும் அவன் அதே அன்பை நாடிச் சென்றான் என்பது அக்கதையைக் கெடுத்துவிடும்.

இதனையே பொய் என்கிறேன். அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட ஒருவனை, 'அவன் அதைச் செய்யவில்லை' என்று கூறிக் காப்பாற்ற முனைவோன், செய்திருப்பின் தண்டனை நியாயமே என்று ஒப்புக்கொள்கிறான். அவன் எதிரியின் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வழக்காடுகிறான். வைல்ட் தாமே நீதிமன்றில் மறுத்துரைத்தாரன்றோ என்பீர்கள். மறுத்தார்; சிறைக்கு அஞ்சும் எவனும் மறுப்பான். அறுபதாண்டு கழிந்த பின், சிறை அச்சமற்ற கலைஞர் அம்மறுப்பையே திரும்பச் சொல்வதற்கு என்ன நியாயம்?

ஒரு நியாயம் உண்டு. மறைப்பது முறையன்று. 1960 இல் அச்சட்டம் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது. 1957 இல் வுல்ஃபென்டன் குழு, வயதுவந்த ஆடவர் இருவர் தனிமையில் மனமொத்துச் செய்வது குற்றமாகலாகாது என விதந்துரைத்திருந்தும், பாராளுமன்றம் பத்தாண்டு தயங்கி 1967 இலேயே திருத்தியது. அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்கொட்லாந்து 1980 வரையும், வட அயர்லாந்து 1982 வரையும் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே சட்டத்தின் நிழலில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. தணிக்கையையும் சந்தையையும் எண்ணியே பேசின. இதனை விளக்கமாக ஏற்கலாம். பாராட்டாக ஏற்க இயலாது.

சட்டம் நீங்கியபின் வந்த படங்கள் உண்மையைக் கூறின என்று மகிழலாமா? 1997 இல் பிரையன் கில்பேட் எடுத்த 'வைல்ட்', றிச்சட் எல்மனின் பெருநூலைத் தழுவியது. ஸ்ரீபன் ஃப்றை நடித்தார். இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனால் எதுவும் சுடவுமில்லை. குழந்தைகளுக்குக் கதைசொல்லும் பெருந்தகையாய், தீங்கறியாத பூதமாய் வைல்ட் வருகிறார். 2018 இல் றூபேட் எவரெட் தாமே எழுதி, இயக்கி, நடித்த 'மகிழ்ச்சியான இளவரசன்' மட்டுமே பாரிஸ் தெருக்களின் அழுக்கையும் நேப்பிள்ஸ் வாழ்வையும் ஒருங்கே காட்டியது. அப்படத்தின் வைல்ட் கடன்காரர், குடிகாரர், பொய்யர், அன்பர். அனுதாபத்துக்காகக் கழுவித் துடைக்கப்படாதவர். நான்கு படங்களுள் அதனையே நான் முதலில் வைப்பேன்.

இந்நான்கிலும் ஒரு குறை பொது. அன்றைய நீதிமன்றத்தை அதிர்ச்சிக்குள்ளாக்கியது ஆண் ஆணை நாடினான் என்பது மட்டுமன்று. கனவான் ஒருவன் குதிரைக்காரனோடும் ஏவலாளனோடும் ஒரே மேசையிலிருந்து உண்டான் என்பதும் அதற்குச் சமமான அதிர்ச்சியாயிருந்தது. அவ்விளைஞரின் தொழிலையும் கல்வியையும் அவருக்களித்த வெள்ளிச் சிகரெட் பெட்டிகளையும் கார்சன் திரும்பத் திரும்பக் கேட்டதன் உட்பொருள் அதுவே. வர்க்க எல்லையை மீறியதற்கான தண்டனையும் அத்தீர்ப்பில் அடங்கியிருந்தது. ஆனால் திரையில் அவ்விளைஞர் ஒன்றில் பணம் பறிக்கும் கயவராய், அன்றேல் முகமற்ற அழகராய் வந்து மறைகின்றனர். அவர்களுடைய சரிதத்தை எடுக்க எவருக்கும் போட்டியில்லை. வைல்ட் 1891 இல் சோசலிசம் பற்றி நீண்ட கட்டுரை எழுதியவர் என்பதையும் படங்கள் நினைவிற்கொள்வதில்லை. 'கலை கலைக்காகவே' என்ற சுலோகத்தின் உருவமாக மட்டுமே அவரை அறிந்து, அச்சுலோகத்தை ஏசுவதற்கு மட்டும் அவர் பெயரைக் கையாளும் நமது விமரிசன மரபும் நினைவிற்கொள்வதில்லை.

நிற்க. அயர்லாந்தில் பிறந்து பிரான்சில் இறந்த ஒருவனைப் பற்றிய ஆங்கிலப் படங்கள் நமக்கெதற்கு என்பார் உளர். போரும் இடப்பெயர்வும் காணாமலாக்கப்படுதலும் கண்ட மண்ணில் இஃதோர் ஆடம்பர விவாதம் என்பாரும் உளர். இவர்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

ஒரே பொருளுக்கு இரு சரிதங்கள் எழுதப்படுவது எனது ஊருக்குப் புதிதன்று. கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்கிறது பாளி வரலாற்று மரபு. குளக்கோட்டன் கட்டினான் என்கிறது கோணேசர் கல்வெட்டு வழிவந்த தமிழ் மரபு. எங்கள் பகுதியில் இரண்டையும் கேட்டே வளர்கிறோம். இரு சரிதங்களும் மன்னனையே தேடுகின்றன, மண் சுமந்தவனை இரண்டும் தேடவில்லை என்பதைச் சற்று வளர்ந்தபின் உணர்கிறோம். ஆகவே போட்டிச் சரிதங்கள் இரண்டைக் கண்டால் எது சரி என்று மட்டும் கேளாது, இரண்டும் சேர்ந்து எதை விட்டுவிட்டன என்றும் கேட்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அப்பழக்கத்தோடு நமது நாட்டுத் திரைக்கு வருகிறேன்.

1990 பெப்ரவரி 18 ஆம் நாள் அதிகாலை, றாஜகிரியவில் உள்ள தம் வீட்டிலிருந்து றிச்சட் டி சொய்சா கடத்திச் செல்லப்பட்டார். குயின்ஸ்பெரி தம் அட்டையை விட்டுச்சென்ற நாளும் பெப்ரவரி 18 என்பது தற்செயலே. அதற்குமேல் அதில் பொருள் தேடவேண்டியதில்லை. மறுநாள் மொறட்டுவைக் கரையோரம் அவரது உடல் கிடைத்தது. வயது முப்பத்தொன்று. கவிஞர், நாடகக்காரர், ரூபவாஹினியில் செய்தி வாசித்தவர், இன்ரர் பிரஸ் சேர்விஸ் என்னும் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'யுகாந்தய' படத்தில் (1983) மாலின் கபலான என்னும் புரட்சிகர இளைஞனாக நடித்தவர். தன்பாலீர்ப்பு உடையவர். தாயார் வைத்தியர் மனோராணி சரவணமுத்து தமிழர். மகனைக் கடத்தியவருள் ஒருவரான மூத்த பொலிஸ் அதிகாரியைத் தொலைக்காட்சியிற் கண்டு அடையாளங் கூறியவர். தெற்கில் அன்னையர் முன்னணியின் முகமாக விளங்கியவர். நீதி காணாமலே 2001 இல் காலமானவர். வழக்கில் நிறுத்தப்பட்ட பொலிஸார் மூவரும் 2005 இல் விடுதலையாயினர்.

வைல்டும் றிச்சட்டும் ஒன்றல்லர். முன்னவர் தம் காதலுக்காகவே தண்டிக்கப்பட்டார். பின்னவரை அரசியலுக்காகக் கொன்றனர். இவ்வேறுபாட்டை அழிப்பது இருவருக்கும் அநீதி. ஆனால் பின்வந்தோர் இருவரின் கதையையும் சொன்ன முறையில் ஓர் ஒற்றுமை உண்டு.

2025 ஜனவரியில் அசோக ஹந்தகமவின் 'ராணி' வெளிவந்தது. ஹந்தகம கோழையல்லர். 'அக்ஷரய' படத்துக்காக அரசோடு மோதியவர். 'இனி அவன்' என்ற படத்தை (2012) யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எடுத்தவர். 'ராணி'யில் சுவர்ணா மல்லவாராச்சி மனோராணியாக நடித்துள்ளார். அந்நடிப்பைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயின் படத்தின் பெயரே அதன் தெரிவைக் கூறுகிறது. இது தாயின் கதை. மகன் இழப்பாகவே அதில் இருக்கிறான். 1960 இன் இரு படங்களும் வைல்டை மனைவியின் கண்ணீராலும் நண்பரின் விசுவாசத்தாலும் மதிப்புக்குரியவராக்கியது போல, இங்கே மகன் தாயின் துயரத்தால் மதிப்புப் பெறுகிறான். தாயின் கண்ணீரைத் தடைசெய்யும் சட்டம் எங்கும் இல்லை. மகனின் காதலைத் தடைசெய்யும் சட்டம் நமது தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது.

படத்தையொட்டி எழுந்த விவாதத்தையும் நோக்குக. அதன் பெரும்பகுதி மனோராணி புகைத்தாரா, மது அருந்தினாரா, அவ்வாறு காட்டுவது தகுமா என்பதைச் சுற்றியே நிகழ்ந்தது. ஒரு தாய் எவ்வளவு தூய்மையாயிருந்தால் அவளது பிள்ளைக்கு நீதி கேட்கலாம் என்ற விசாரணையாகவே அது எனக்குப் பட்டது. குற்றமற்றவன் என்ற பொய்யின் தங்கைதான் குறையற்றவள் என்ற பொய். மனோராணியின் சிகரெட்டைப் பாதுகாக்கத் துணிந்த ஹந்தகம, றிச்சட்டின் காதலை மையத்தில் வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் விவாதம் எங்கே சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எழுத்து இவ்விடயத்தில் திரையை முந்திவிட்டது. 2022 இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலின் நாயகன் மாலி அல்மெய்தா, கொல்லப்பட்ட புகைப்படக்காரன். அவனது முழுப்பெயரில் 'கபலான' என்ற பெயரும் உண்டு. 'யுகாந்தய'வை அறிந்தோர்க்கு அக்குறிப்பு விளங்கும். மாலி சூதாடி, துரோகி, காதலன். அவன் நேசிக்கும் இளைஞன் தமிழ் அமைச்சரொருவரின் மகன். நாவலாசிரியர் மாலியைக் குற்றமற்றவனாக்கவில்லை. அதனாலேயே அவனது கொலை கொலையாகத் தெரிகிறது.

நமது சட்டத்துக்கு மீள்வோம். 1883 இன் தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறானது' எனப்படும் புணர்ச்சியைத் தண்டிக்கிறது. 365அ பிரிவு 'பாரிய இழிசெயல்' என்கிறது. அதற்கான சிறைத்தண்டனையின் உச்சம் இரண்டாண்டு. அதாவது வைல்ட் பெற்ற அதே இரண்டாண்டு. 1995 இல் சட்டத்தைத் திருத்தியபோது 'ஆடவர்' என்ற சொல்லை 'ஆள்' என மாற்றினார்கள். பயன், அதுவரை தப்பியிருந்த பெண்களும் குற்றவாளிகளாயினர். சமத்துவம் இவ்வாறும் வந்து சேரும் போலும்! 2016 இல் உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றில் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. 2023 மே மாதத்தில், இப்பிரிவுகளைத் திருத்தும் தனியார் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணன்று என அதே நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்படவே பிரேரணையும் காலாவதியாயிற்று. இந்தியா 2018 இல் தன் 377 ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து, 2017 இல் வைல்டுக்கு மன்னிப்பும் வழங்கிவிட்டது. யார் யாரை மன்னிப்பது என்பது வேறு விடயம்.

தமிழருக்கும் ஒரு வார்த்தை. ஷியாம் செல்வதுரையின் 'ஃபணி போய்' நாவலை (1994) தீபா மேத்தா 2020 இல் படமாக்கியபோது, அதில் தமிழரல்லாதார் தமிழ் பேசிய விதத்தைக் கண்டித்து நம்மவர் வெகுண்டெழுந்தனர். நியாயமான வெகுளியே, அத்தமிழைக் கேட்கக் காது கூசியது. ஆனால் அவ்வெகுளியின் அளவுக்கு, ஒரு தமிழ்ச் சிறுவன் தன் வீட்டாரிடமே சொல்ல முடியாது தவித்த கதை நம்மிடையே பேசப்படவில்லை. உச்சரிப்பைத் திருத்த ஆயிரம் பேர் உளர். நமது பத்திரிகைகள் இன்றும் 'ஓரினச் சேர்க்கை' என்ற சொல்லை விடாப்பிடியாய்க் கையாள்வதையும் காண்க. கணவன் மனைவியைக் குறிக்கும்போது 'சேர்க்கையாளர்' என எழுதுவாருண்டா? ஒரு மனிதனின் ஈர்ப்பையும் ஏக்கத்தையும் தோழமையையும் படுக்கைச் செயலொன்றாகக் குறுக்கிவிடும் அச்சொல், 365அ பிரிவின் தமிழாக்கமே.

'காணாமலாக்கப்பட்டோரின் மண்ணில் இஃது ஆடம்பரம்' என்றோர்க்கு இன்னும் விடை முடியவில்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும் தெருவோரம் அமர்ந்த தாய்மாரின் வரிசையில் மனோராணிக்கும் ஓர் இடமுண்டு. 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது. தெற்கின் முன்னணி அதன் பின்னரே வந்தது. தமிழ்த் தாயொருத்தி தெற்கின் தாய்மாருக்குத் தலைமை தாங்கிய இவ்வரலாறு தமிழில் போதிய அளவு எழுதப்படாமைக்கு அவர் கொழும்பின் ஆங்கிலம் பேசும் மேட்டுக்குடியினர் என்பது ஒரு காரணமாகலாம். மகன் எத்தகையவன் என்ற கூச்சமும் ஒரு காரணம் என்றே ஐயுறுகிறேன். மட்டக்களப்பில் பிறந்து பேராதனையிற் கற்ற தருமரத்தினம் சிவராம், 'தராக்கி' என்ற பெயரில் எழுதிப் புகழ்பெற்றவர், றிச்சட்டின் நண்பர். இன்ரர் பிரஸ் சேர்விஸுக்கு அவரை அழைத்துச் சென்றவர் றிச்சட்டே. நண்பனின் உடலை அடையாளங் காட்டும் கொடுமையும் சிவராமுக்கே வாய்த்தது. 2005 ஏப்ரலில் சிவராமும் கடத்தப்பட்டுப் பாராளுமன்றத்துக்கு அண்மையில் பிணமாகக் கிடந்தார். இயக்கத்திலிருந்து வந்த தமிழன் ஒருவனுக்கும் தன்பாலீர்ப்புடைய கொழும்புக் கவிஞன் ஒருவனுக்கும் இடையே நிலவிய அத்தோழமை எந்தப் படத்துக்கும் குறையாத கதை. அதைத் தமிழில் எடுக்க யாரும் போட்டியிடவில்லை.

நமது சங்கம் ஆண்டுதோறும் திரைப்பட விழா நடத்துகிறது. வருமாண்டு மோர்லியை ஒரு மாலையும் பின்ச்சை மறு மாலையும், மூன்றாம் நாள் 'ராணி'யையும் திரையிடுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். கலந்துரையாடலுக்குச் சட்டத்துறை விரிவுரையாளர் ஒருவரையும் அழைக்கட்டும். அவர் வரும்போது சட்டக்கோவையையும் கையோடு கொண்டுவரட்டும்.